வீட்டிலேயே ரெக்கார்டிங் ஸ்டூடியோ: ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கப் போறீங்களா? காசு கொடுக்கும் முன் இதைப் படிச்சிடுங்க!

மைக் வாங்கியாச்சு. ஸ்டாண்டும் வந்தாச்சு. ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, வியர்க்க விறுவிறுக்கப் பாடியும் முடிச்சாச்சு. ஆனால் ஹெட்போனில் போட்டுக் கேட்டால் குரலுக்குப் பின்னால் 'உஸ்ஸ்' என்று ஓர் இரைச்சல், அதற்கும் கீழே 'ம்ம்ம்' என்று ஒரு முனகல். பாடியவர் சரியாகத்தான் பாடியிருக்கிறார். மைக்கும் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். மைக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் இருக்க வேண்டிய ஒரு பெட்டி இல்லை, அல்லது தவறான பெட்டி இருக்கிறது. அந்தப் பெட்டிதான் ஆடியோ இன்டர்ஃபேஸ்.

திண்டிவனத்தில் இருந்து சென்னை சுமார் 120 கிலோமீட்டர். ஒரு அம்மன் பாட்டோ, ஒரு கானாவோ, சர்ச்சில் பாடும் ஒரு புதுப் பாட்டோ பதிவு செய்ய வேண்டும் என்றால் பஸ் ஏறி, ஸ்டூடியோவுக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுத்து, நேரம் போகுதே என்ற பதற்றத்தோடு பாடிவிட்டு வர வேண்டும். அந்தச் செலவில் நாலைந்து தடவைக்கு ஆகும் காசை வைத்து வீட்டிலேயே ஒரு சின்ன செட்டப் போட்டுவிடலாம் என்ற கணக்கு தப்பில்லை. ஆனால் தவறான பெட்டியை வாங்கிவிட்டால் அந்தக் காசும் போய், மறுபடியும் சென்னை பஸ்தான். எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதை விரிவாகப் பார்ப்போம்.

ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ன வேலை செய்கிறது?

மைக்கில் நாம் பேசும்போது அதிலிருந்து வெளிவரும் மின்சாரம் மிகச் சிறியது. சில மில்லிவோல்ட் அளவுதான். இன்டர்ஃபேஸின் முதல் வேலை அதைப் பல நூறு மடங்கு பெரிதாக்குவது. இதைச் செய்யும் பகுதிக்கு ப்ரீஆம்ப் என்று பெயர். இரண்டாவது வேலை, பெரிதாக்கிய மின் அலையை எண்களாக மாற்றி யுஎஸ்பி வழியே கம்ப்யூட்டருக்கு அனுப்புவது. மூன்றாவது, கம்ப்யூட்டரில் இருந்து திரும்பி வரும் எண்களை மறுபடி ஒலியாக்கி உங்கள் ஹெட்போனுக்கும் ஸ்பீக்கருக்கும் கொடுப்பது.

இந்த மூன்றையும் லேப்டாப்பே செய்யுமே என்று கேட்கலாம். செய்யும். ஆனால் லேப்டாப்பில் இருக்கும் மைக் ஓட்டை வீடியோ காலுக்கான ஹெட்செட்டை நினைத்து வைக்கப்பட்டது. ஃபேன், பிராசசர், சார்ஜர் எல்லாவற்றின் சத்தமும் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்க, அந்தச் சின்ன சர்க்யூட்டால் ஸ்டூடியோ மைக்கைச் சமாளிக்க முடியாது.

ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் 'வி8' சவுண்ட் கார்டும் 'பிஎம்-800' மைக்கும் சேர்ந்த காம்போ பலருக்கும் தெரிந்திருக்கும். கைதட்டல், சிரிப்புச் சத்தம் எல்லாம் பட்டனில் வரும். அது லைவ் ஸ்ட்ரீமிங்கில் பேசிக்கொண்டே ஜாலியாக இருப்பதற்கான பொருள். பாட்டு பதிவு செய்ய அதை நம்பி இறங்க வேண்டாம். ஒரு விஷயம்: அந்த மைக் ஏற்கெனவே கையில் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முறையான இன்டர்ஃபேஸில், சரியான எக்ஸ்எல்ஆர் கேபிளோடு, 48 வோல்ட் கொடுத்து மாட்டினால் அதே மைக் நிஜமாகவே வேறு மாதிரி ஒலிக்கும்.

வீட்டு ஸ்டூடியோவில் பிறந்த 'ரோஜா'

வீட்டில் பண்ணும் ரெக்கார்டிங் என்றால் தரம் கம்மி என்று ஒரு நினைப்பு இன்னும் இருக்கிறது. ஏ.ஆர்.ரஹ்மான் 1989-ல் தன் கோடம்பாக்கம் வீட்டின் பின்புறத்தில் கட்டியதுதான் 'பஞ்சதன் ரெக்கார்ட் இன்'. 1992-ல் வந்த 'ரோஜா'வின் இசை அங்கேதான் உருவானது. முதல் படத்துக்கே தேசிய விருதும் கிடைத்தது. ஆனால் அன்றைக்கு அந்த மாதிரி ஒரு அறையை நிரப்ப ஆன செலவு சாதாரணக் குடும்பம் நினைத்துப் பார்க்கக்கூடியது இல்லை.

பெரிய மிக்சிங் டேபிளையும் டேப் மெஷினையும் கையடக்கப் பெட்டிக்குள் கொண்டுவரும் முயற்சியில் முக்கியமானது 2002-ல் டிஜிடிசைன் நிறுவனம் வெளியிட்ட 'எம்பாக்ஸ்'. இரண்டு சேனல், யுஎஸ்பி கனெக்‌ஷன். அதற்குள் இருந்த ப்ரீஆம்ப் ஃபோகஸ்ரைட் நிறுவனத்துடையது. அதே ஃபோகஸ்ரைட் 2011-ல் 'ஸ்கார்லெட்' வரிசையைக் கொண்டுவந்தது. யூடியூபில் யார் வீட்டு ஸ்டூடியோ வீடியோவைப் பார்த்தாலும் மேஜையில் ஒரு சிவப்புப் பெட்டி தெரியுமே, அதுதான்.

வெளிநாட்டு உதாரணம் வேண்டுமென்றால் பில்லி ஐலிஷ். 2019-ல் வந்த அவருடைய முதல் ஆல்பத்தை அவரும் அண்ணன் ஃபினியஸும் லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள வீட்டுப் படுக்கையறையில் வைத்துதான் பெரும்பாலும் உருவாக்கினார்கள். 2020-ல் அதற்கு 'ஆண்டின் சிறந்த ஆல்பம்' கிராமி விருது கிடைத்தது.

ஒரே நேரத்தில் எத்தனை மைக்?

கடைக்காரரோ யூடியூபரோ மாடல் பெயர் சொல்லும் முன் நீங்கள் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. மொத்தம் எத்தனை கருவி என்று எண்ணாதீர்கள். ஒரே சமயத்தில் எத்தனை பதிவாக வேண்டும் என்று எண்ணுங்கள்.

தனியாக இருந்து பாட்டு செய்பவர் முதலில் கீபோர்டு, பிறகு குரல், பிறகு கோரஸ் என்று ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகலாம். இருபது டிராக் கூட ஒரே ஒரு இன்புட்டில் முடிந்துவிடும். டப்பிங், பாட்காஸ்ட், யூடியூப் வாய்ஸ் ஓவர் என்றால் இன்னும் சுலபம். இவர்களுக்கு ஒரு மைக் இன்புட் உள்ள பெட்டி போதும்.

ஆனால் இங்கே ஒரு பொடி இருக்கிறது. 'ஸ்கார்லெட் சோலோ' மாதிரியான மாடல்களில் இரண்டு ஓட்டை இருக்கும். அதில் ஒன்று மைக்குக்கு, மற்றொன்று கிடார் அல்லது கீபோர்டுக்கு. பார்த்தால் 'டூ சேனல்' மாதிரித்தான் தெரியும். இதில் இரண்டு மைக் போட முடியாது. கச்சேரிகளில் வாசிக்கும் கீபோர்டுகளில் இடது, வலது என்று இரண்டு அவுட்புட் இருக்கும். அதை ஸ்டீரியோவாகப் பதிவு செய்யவும் இதில் முடியாது. நாளைக்கு ஒரு டோலக்கோ தபேலாவோ வாசிக்கும் நண்பர் வந்தால் வலது பக்கம் ஒரு மைக், இடது பக்கம் ஒரு மைக் வைக்க வேண்டியிருக்கும். அதனால் கொஞ்சம் கூடக் காசு போட முடியும் என்றால் இரண்டு மைக் ப்ரீஆம்ப் உள்ள பெட்டியை வாங்குவதே புத்திசாலித்தனம். ஒன்றில் தொடங்கி ஆறே மாதத்தில் இரண்டுக்கு மாறுபவர்கள் இரண்டு தடவை செலவழிக்கிறார்கள்.

சரி, கூத்து என்றால்? விழுப்புரம், திருவண்ணாமலை வட்டாரம் தெருக்கூத்துக்குப் பேர்போனது. செஞ்சி அருகே மேலச்சேரி திரௌபதி அம்மன் கோயிலையும் சுற்றுவட்டாரப் பாரதக் கூத்தையும் தேடி அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டெபெய்டல் வந்து எழுதிய 'திரௌபதி வழிபாடு' நூல் 1988-ல் வெளியானது. அப்படிப்பட்ட கலையை இன்றைக்கு ஊர்ப் பையன்கள் போனில் எடுத்து யூடியூபில் போடுகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் போன் மைக்கில் முகவீணை காதைக் குத்தும், மிருதங்கத்தின் தொப்பிச் சத்தம் காணாமல் போகும், வாத்தியார் பாடும் விருத்தத்தில் பாதி வார்த்தை புரியாது. வயதான ஒரு கலைஞர் விடிய விடியப் பாடிய கூத்தை இன்னொரு முறை அதே தெம்போடு பாடச் சொல்லிக் கேட்க முடியாது. ஒழுங்காகப் பதிவு செய்ய ஒரு வாய்ப்புதான் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டு திட்டமிட வேண்டும்.

முகவீணை, ஆர்மோனியம், மிருதங்கம், தாளம், பாடுபவர், பின்பாட்டு என்று தனித்தனியாக மைக் வைக்க ஆசைப்பட்டால் எட்டு ப்ரீஆம்ப் உள்ள பெட்டி வேண்டும். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 18ஐ20, பெஹ்ரிங்கர் யுஎம்சி1820 ஆகியவை அந்த ரகம். இரண்டையும் கரண்டில் மாட்டித்தான் ஓட்ட வேண்டும். எட்டு மைக், எட்டு ஸ்டாண்ட், எட்டு கேபிள் என்று செலவும் எட்டாகும். அவ்வளவு முடியாதவர்கள் இரண்டு கண்டென்சர் மைக்கை ஜோடியாக முன்னால் உயர்த்தி வைத்து, இரண்டு சேனல் பெட்டியிலேயே நல்ல ஸ்டீரியோ பதிவு எடுக்கலாம். கூத்துக்களத்துக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போவதே வம்பு என்பவர்களுக்கு ஜூம் ஹெச்6 போன்ற கையடக்க ரெக்கார்டர் இருக்கிறது. நான்கு எக்ஸ்எல்ஆர் மைக் மாட்டலாம், பேட்டரியில் ஓடும், வீட்டுக்கு வந்ததும் யுஎஸ்பியில் சொருகினால் அதுவே இன்டர்ஃபேஸாகவும் வேலை செய்யும். ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்பவருக்கு மேஜை மேல் வைக்கும் பெட்டியை விட இதுதான் பொருத்தம்.

மைக் செட் வைத்திருப்பவர்கள் 'எங்கிட்டதான் யுஎஸ்பி மிக்சர் இருக்கே' என்பார்கள். பயன்படுத்தலாம். ஆனால் சாதாரண யுஎஸ்பி மிக்சர்கள் பெரும்பாலும் எல்லா மைக்கையும் கலந்து இரண்டே டிராக்காகத்தான் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். பிறகு உட்கார்ந்து குரலை மட்டும் ஏற்றவோ தாளத்தை மட்டும் குறைக்கவோ முடியாது. வாங்கும்போது 'மல்டி டிராக் ரெக்கார்டிங் உண்டா?' என்று கேட்பது நல்லது.

கெயின்: விளம்பரத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் பெரிய விஷயம்

ப்ரீஆம்ப் எவ்வளவு பெரிதாக்கும் என்பதை டெசிபலில் சொல்வார்கள். யாரும் கவனிக்காத எண் இது, ஆனால் 'உஸ்ஸ்' இரைச்சலுக்குப் பெரும்பாலும் காரணம் இங்கேதான் இருக்கிறது.

கண்டென்சர் மைக் தானே கொஞ்சம் பலமான சிக்னல் கொடுக்கும். அதற்கு நாற்பது டெசிபல் பக்கம் இருந்தாலே பல நேரம் போதும். டைனமிக் மைக் அப்படி இல்லை. பாட்காஸ்ட் வீடியோக்களில் எல்லார் வாய்க்கு முன்னாலும் தொங்குமே ஷ்யூர் எஸ்எம்7பி, அதற்குக் குறைந்தது 60 டெசிபல் கெயின் வேண்டும் என்று ஷ்யூர் நிறுவனமே சொல்கிறது. 50, 55 டெசிபல் மட்டுமே உள்ள பெட்டியில் அதை மாட்டினால் குமிழை முழுசாகத் திருகினாலும் குரல் மெல்லிசாகத்தான் வரும். எடிட்டிங்கில் ஏற்றினால் இரைச்சலும் சேர்ந்தே ஏறும். நடுவில் 'கிளவுட்லிஃப்டர்' மாதிரி ஒரு பூஸ்டர் வைத்தால் 25 டெசிபல் வரை கூடும். அதுவும் தனிச் செலவு.

நான்காம் தலைமுறை ஸ்கார்லெட் வரிசை 2023-ல் வந்தது. அதில் சோலோவுக்கு 57 டெசிபல், 2ஐ2-வுக்கு 69 டெசிபல். ஒரே வரிசையிலேயே இவ்வளவு வித்தியாசம் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். 2ஐ2-வில் 'ஆட்டோ கெயின்' என்ற வசதியும் உண்டு: சில விநாடிகள் பாடிக் காட்டினால் அளவை அதுவே வைத்துக்கொள்ளும். 'கிளிப் சேஃப்' போட்டு வைத்தால், திடீரென்று குரல் உயரும்போது கெயினைத் தானாகக் குறைக்கும். தனியாக உட்கார்ந்து பாடவும் வேண்டும், அளவையும் பார்க்க வேண்டும் என்ற நிலையில் இருப்பவருக்கு இது விளம்பர ஜாலம் கிடையாது, உண்மையிலேயே உதவி.

தேவைக்கு மேல் கெயின் வைப்பதும் ஆபத்து. சிவப்பு விளக்கு எரிந்தால் 'கிளிப்' ஆகிவிட்டது என்று அர்த்தம். அலையின் தலை வெட்டுப்பட்டுவிடும். இரைச்சலையாவது ஓரளவு குறைக்கலாம், வெட்டுப்பட்ட குரலை முழுசாக மீட்க வழியில்லை. உச்சஸ்தாயியில் பாடிப் பார்த்து, மீட்டர் மைனஸ் 12 பக்கத்தில் நிற்கும்படி வைத்தால் நிம்மதி.

கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் 'ஃபேன்டம் பவர்' தேவை. பெட்டியில் '48வி' என்று எழுதிய பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய ரிப்பன் மைக் யாரிடமாவது இருந்தால் அதை மாட்டும்போது அந்தப் பட்டனை அணைத்து வையுங்கள், மைக் வீணாகலாம்.

பாடுறது ஒண்ணு, காதுல கேக்குறது லேட்டு

இரண்டாவது தலைவலி லேட்டன்சி. நீங்கள் பாடிய குரல் கம்ப்யூட்டருக்குள் போய்த் திரும்பி ஹெட்போனுக்கு வரும் தாமதம். இதை மில்லிசெகண்டில் சொல்வார்கள்.

எவ்வளவு தாமதம் தாங்கும்? ஒலி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். அப்படியென்றால் 10 மில்லிசெகண்ட் தாமதம் என்பது ஸ்பீக்கரில் இருந்து மூன்றரை மீட்டர் தள்ளி நிற்பதற்குச் சமம். மேடையில் பாடியவர்களுக்கு அது பழக்கம்தான். இருபதைத் தாண்டினால் தாளம் தடுமாறும். பாடுபவர் தன்னை அறியாமலேயே இழுக்க ஆரம்பிப்பார்.

இதைக் கட்டுப்படுத்துவது ரெக்கார்டிங் சாஃப்ட்வேரில் உள்ள 'பஃபர்' அளவு. 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் என்று வைத்தால் ஒரு வழிக்கு 2.7 மில்லிசெகண்ட். 1024 வைத்தால் 21. போக, வர இரண்டு வழி. பெட்டிக்குள் நடக்கும் மாற்றத்துக்கும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ள வேண்டும். பாடும்போது குறைவாக வைத்து, மிக்சிங் செய்யும்போது ஏற்றிவிடுவது வழக்கம். பழைய லேப்டாப்பில் குறைவாக வைத்தால் 'டப் டப்' என்று வெடிக்கும்.

விண்டோஸ் பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும்: அந்த நிறுவனமே எழுதிய 'ஏசியோ' டிரைவர் இருக்கிறதா? 1997-ல் ஸ்டைன்பெர்க் நிறுவனம் கொண்டுவந்த முறை இது. விண்டோஸின் சாதாரண ஒலிப் பாதையைத் தவிர்த்து நேராகப் போவதால் தாமதம் குறைகிறது. ரொம்ப மலிவான சில பெட்டிகளுக்கு சொந்த டிரைவர் கிடையாது, 'ஏசியோ4ஆல்' என்ற பொதுவான இலவச டிரைவரைப் போட்டுச் சமாளிக்க வேண்டும். வேலை நடக்கும், ஆனால் அடிக்கடி மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். மேக்கில் இந்தத் தொல்லை இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலே 'டைரக்ட் மானிட்டர்' பட்டன். அதை அழுத்தினால் உங்கள் குரல் கம்ப்யூட்டருக்குள் போகாமலே பெட்டியில் இருந்து நேராக ஹெட்போனுக்கு வரும், தாமதம் இருப்பதே தெரியாது. லேப்டாப் பழசு என்றால் இந்தப் பட்டன் இல்லாத பெட்டியை வாங்கவே வாங்காதீர்கள்.

192 கிலோஹெர்ட்ஸ் தேவையா?

தேவையில்லை. அட்டையில் பெரிதாக '24 பிட் / 192 கிலோஹெர்ட்ஸ்' என்று போட்டிருப்பார்கள். சிடி வெளிவந்த காலத்தில் இருந்து 44.1 கிலோஹெர்ட்ஸ், வீடியோவுக்கு 48. யூடியூபில் போடப்போகும் பாட்டுக்கு 48-ல் பதிவு செய்தால் தாராளம். ஒரு டிராக் நிமிடத்துக்கு 8.6 எம்பி பிடிக்கும். 192-ல் அதுவே 34.5 எம்பி. நாலு நிமிடப் பாட்டில் இருபது டிராக் இருந்தால் ஒன்றுக்கு 700 எம்பி, மற்றதுக்கு முக்கால் கிலோ தங்கம் போல 2.7 ஜிபி! கேட்பவர் காதுக்கு வித்தியாசம் தெரியாது, உங்கள் ஹார்ட் டிஸ்க்குக்குத் தெரியும்.

'24 பிட்' என்பது வேறு கதை, அது வேண்டும். 16 பிட்டின் வீச்சு 96 டெசிபல்தான் என்பதால் அளவைக் கவனமாக வைக்க வேண்டும். 24 பிட்டில் குறைந்த அளவில் பதிவு செய்துவிட்டுப் பிறகு ஏற்றினாலும் இரைச்சல் பெரிதாக ஏறாது. மலிவு மாடல்களான பெஹ்ரிங்கர் யுஎம்2, எம்-ஆடியோ எம்-ட்ராக் சோலோ இரண்டும் 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ்.

கரண்ட், எர்த், இன்வெர்ட்டர்

பெட்டி நல்லதாக இருந்தும் 'ம்ம்ம்' என்ற முனகல் வருகிறது என்றால் சந்தேகப்பட வேண்டியது வீட்டு வயரிங்கை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த முனகலும் அதே சுருதியில்தான் இருக்கும்.

முதலில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் சார்ஜர்தான் காரணம். நிற்கவில்லை என்றால் லேப்டாப், ஸ்பீக்கர், கீபோர்டு மூன்றையும் ஒரே போர்டில் இருந்து எடுத்து மாட்டிப் பாருங்கள். ஸ்பீக்கருக்குப் போகும் கேபிள் 'பேலன்ஸ்டு' வகையாக இருந்தால் இன்னும் நல்லது. இன்டர்ஃபேஸை யுஎஸ்பி ஹப்பில் மாட்டாமல் நேராக லேப்டாப்பில் சொருகுங்கள். இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் 'ஜ்ஜ்' என்று கேட்டால் அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருக்கலாம்.

சிலர் ஒரு குறுக்கு வழி சொல்வார்கள்: 'பிளக்குல எர்த் பின்னை உடைச்சிடு, சத்தம் நின்னுடும்.' நிற்கும்தான். ஆனால் கையில் இரும்பு மைக்கைப் பிடித்துக்கொண்டு உதட்டருகில் வைத்துப் பாடும்போது, ஸ்பீக்கரிலோ ஆம்ப்ளிஃபயரிலோ கசிவு ஏற்பட்டால் அந்த மின்சாரம் தேடிப் போகும் வழி பாடுபவரின் உடம்பு. எர்த்தை ஒருபோதும் எடுக்கக் கூடாது. எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு வீட்டு எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஆகும் செலவு ஒரு கேபிள் விலைதான் வரும்.

யுஎஸ்பியிலேயே பவர் எடுக்கும் சின்னப் பெட்டிகளில் ஒரு லாபம்: கரண்ட் போனாலும் லேப்டாப் பேட்டரி இருக்கும்வரை ரெக்கார்டிங் நிற்காது. ஃபேனை நிறுத்தியதற்கு ஒரு பலன்.

போனிலேயே முடியாதா?

முடியும். ஐபோன் 15-ல் இருந்து யுஎஸ்பி-சி வந்துவிட்டதால் நேராகச் சொருகலாம். ஆண்ட்ராய்டில் ஓடிஜி வசதி வேண்டும். பெட்டி 'கிளாஸ் கம்ப்ளையன்ட்' ஆக இருக்க வேண்டும், அதாவது தனி டிரைவர் இல்லாமலே வேலை செய்ய வேண்டும். சிக்கல் பவரில் வரும்: ஃபேன்டம் பவரையும் போட்டால் போன் பேட்டரி வேகமாக இறங்கும், சில போன்கள் 'அதிக மின்சாரம் எடுக்கிறது' என்று இணைப்பையே துண்டித்துவிடும். தனியாகப் பவர் கொடுக்கும் ஓட்டை உள்ள மாடலாகப் பார்த்தால் தப்பிக்கலாம். பேசுவதற்கு, ஒற்றைக் குரல் பாட்டுக்கு போன் சரி. அதற்கு மேல் லேப்டாப்தான்.

அப்போ எதை வாங்கலாம்?

விலை சலுகை நாளுக்கும் டாலர் மதிப்புக்கும் ஏற்ப ஏறி இறங்கும் என்பதால் இரண்டு படியாகப் பார்க்கலாம்.

பத்தாயிரம் ரூபாய்க்குக் கீழே மேலே சொன்ன யுஎம்2, எம்-ட்ராக் சோலோ கிடைக்கும். டப்பிங் பழக, குரல் பதிவு எப்படி இருக்கும் என்று கற்றுக்கொள்ள இவை போதும். ப்ரீஆம்ப் முழுசாகத் திருகினால் இரைச்சல் தெரியும் என்பதால் கண்டென்சர் மைக்கோடு பயன்படுத்துவதே மேல். இதே நிறுவனத்தின் யுஎம்சி202ஹெச்டி 24 பிட், இரண்டு மைக் ப்ரீஆம்ப், சொந்த டிரைவர் என்று ஒரு படி மேலே நிற்கிறது. காசு இறுக்கமாக இருந்து இரண்டு மைக்கும் வேண்டும் என்பவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

பத்தாயிரத்தைத் தாண்டினால் ஸ்கார்லெட் சோலோ, ஸ்கார்லெட் 2ஐ2, ஆடியன்ட் ஐடி4, மோட்டு எம்2, யுனிவர்சல் ஆடியோவின் வோல்ட் வரிசை. இந்தக் கூட்டத்தில் 'மோசம்' என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஒன்றுக்கும் மற்றதுக்கும் இருக்கும் ஒலி வித்தியாசத்தை விட உங்கள் அறையின் எதிரொலி பத்து மடங்கு பெரிது. மோட்டுவில் முகப்பிலேயே அளவு காட்டும் சின்னத் திரை இருக்கிறது, டிரைவருக்கும் நல்ல பெயர். ஆடியன்ட் ஐடி4-ல் மைக் ஒன்றுதான், ஆனால் கிடார்காரர்களுக்குப் பிடிக்கும். வோல்ட்டில் பழைய வால்வ் ப்ரீஆம்ப் சாயலைக் கொடுக்கும் பட்டன் உண்டு. டைனமிக் மைக் வைத்திருப்பவர், தனியாகவே எல்லாம் செய்பவர் என்றால் 69 டெசிபலும் ஆட்டோ கெயினும் உள்ள 2ஐ2 பக்கம் சாய்வது நியாயம்.

இதையெல்லாம் தாண்டி யாராவது 'ஸ்டூடியோ தரம் வேணும்னா அம்பதாயிரம் போடணும்' என்றால் சிரித்துவிட்டு நகருங்கள். மொத்த பட்ஜெட்டையும் பெட்டியில் கொட்டினால் மைக்குக்கும் அறைக்கும் ஒன்றும் மிஞ்சாது. கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, வெறும் சுவர் உள்ள அறையில் எவ்வளவு விலையுயர்ந்த இன்டர்ஃபேஸும் குளியலறைக் குரலைத்தான் பதிவு செய்யும். பாடுபவருக்குப் பின்னால் இலவம்பஞ்சு மெத்தையை நிறுத்தி, பக்கவாட்டில் கம்பளியைத் தொங்கவிட்டு, தரையில் ஜமுக்காளம் விரித்தாலே பாதிப் பிரச்சினை தீரும். காதை முழுசாக மூடும் ஹெட்போன் ஒன்றும் அவசியம். இல்லாவிட்டால் ஹெட்போனில் இருந்து கசியும் கரோக்கி டிராக் மைக்கில் ஏறிவிடும்.

சாஃப்ட்வேருக்குத் தனியாகக் கவலை வேண்டாம். பெரும்பாலான பெட்டிகளோடு ஏதாவது ஒரு ரெக்கார்டிங் சாஃப்ட்வேரின் சின்னப் பதிப்பு இலவசமாக வரும். ஆடாசிட்டி எப்போதும் இலவசம், மேக்கில் கராஜ்பேண்ட் இருக்கிறது. ரீப்பர் 60 நாள் முழு வசதியோடு பயன்படுத்திப் பார்க்கலாம், பிறகு தனிநபர் லைசென்ஸ் 60 டாலர். கிராக் செய்த சாஃப்ட்வேரை இறக்கி, அதோடு வரும் வைரஸில் ஆறு மாத உழைப்பை இழக்க வேண்டாம்.

எங்கே வாங்குவது?

இந்த மாதிரிப் பொருளுக்கென்றே தனிக் கடை வேண்டும் என்றால் சென்னைக்குத்தான் போக வேண்டும். அண்ணா சாலையில் 1842-ல் தொடங்கிய மியூசி மியூசிக்கல் போன்ற இசைக்கருவிக் கடைகள் இருக்கின்றன. கேபிள், கனெக்டர் என்றால் ரிச்சி தெரு. ஆன்லைனில் வாங்குபவர்கள் விற்பவர் பெயரைப் பாருங்கள். அதிகாரப்பூர்வ விநியோகஸ்தர் வழியாக வராத பொருள் ஆயிரம் ரூபாய் குறைவாகக் கிடைக்கலாம், ஆனால் பழுதானால் இந்தியாவில் வாரண்டி கிடைக்காது. ஜிஎஸ்டி பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

செகண்ட் ஹேண்ட் மோசமான யோசனை இல்லை, இன்டர்ஃபேஸ் சீக்கிரம் தேயும் பொருள் கிடையாது. உங்கள் விண்டோஸ் பதிப்புக்கு அந்த மாடலின் டிரைவர் இன்னும் கிடைக்கிறதா என்று நிறுவனத்தின் தளத்தில் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள். ஃபயர்வயர் போர்ட் உள்ள பழைய மாடலை யாராவது பாதி விலைக்குக் கொடுத்தால் வாங்காதீர்கள், இன்றைய லேப்டாப்களில் அந்த ஓட்டையே இல்லை. கூட வந்த சாஃப்ட்வேரை முதல் உரிமையாளர் தன் பெயரில் பதிந்திருந்தால் உங்களுக்கு அது கிடைக்காமல் போகலாம்.

புதிதோ பழசோ, பெட்டி கைக்கு வந்த அன்றே சோதித்துவிடுங்கள், ரிட்டர்ன் நாள் ஓடிவிடும். மைக்கை மாட்டி, 48 வோல்ட்டைப் போட்டு, ஒவ்வொரு இன்புட்டிலும் ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். பிறகு வாயைத் திறக்காமல் ஒரு நிமிடம். குமிழ்களை மெதுவாகத் திருகும்போது 'கரகர' வருகிறதா, யுஎஸ்பி கேபிளை லேசாக அசைத்தால் இணைப்பு போகிறதா, ஹெட்போனில் இரண்டு பக்கமும் ஒரே அளவில் கேட்கிறதா என்று பாருங்கள். கடைசியாக ஒரு மணி நேரம் நிறுத்தாமல் ரெக்கார்டிங்கை ஓட விட்டு, நடுவில் எங்காவது வெட்டு விழுந்திருக்கிறதா என்று கேளுங்கள். விழுந்திருந்தால் யுஎஸ்பி போர்ட்டை மாற்றி, பஃபரை ஏற்றி இன்னொரு தடவை. அப்படியும் விழுந்தால் அட்டைப் பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.